ஆஷ்டாவில் பெய்யாத மழை

எங்கள் ஆய்வகத்தில் காலை வேலை லாரியோடுதான் தொடங்கும். சோயா புண்ணாக்கு லோடு வாசலில் வந்து நின்றதும், சாம்பிள் எடுக்கிற பையன் குத்தூசியை எடுத்துக்கொண்டு மேலே ஏறுவான். முன்னால், நடுவில், பின்னால் என்று பல மூட்டைகளில் குத்தி, வந்ததை ஒரு பையில் கொட்டிக் கலக்கி என் மேசைக்குக் கொண்டுவருவான். நான் முதலில் கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பேன். நன்றாக வறுபட்ட புண்ணாக்கில் பொட்டுக்கடலை மாதிரி ஒரு வாசம் இருக்கும். பச்சை வாடை வந்தால் சூடு போதவில்லை. தீய்ந்த வாடை வந்தால் சூடு அதிகம். மூக்குக்கு அப்புறம்தான் கருவிகள்.

நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன ஆலையில் 11 வருஷமாக இந்த வேலை. கோழித்தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம், அது மாவுச்சத்துக்கு. புரதத்துக்கு சோயா புண்ணாக்கு. நம் ஊரில் சோயா பயிர் குறைவு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 1, கோ 2, கோ 3 என்று ரகங்கள் விட்டிருந்தாலும், நாமக்கல் கோழிகள் சாப்பிடுகிற சோயா பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் லாரியில் வருகிறது. அங்கே ஆலையில் எண்ணெயை எடுத்துவிட்டு மிச்சத்தை அனுப்புவார்கள். வியாபாரத்தில் இதற்கு டிஓசி என்று பெயர்.

புரதம் பார்க்கிற முறை நூறு வருஷத்துக்கு மேல் பழையது, ஜெல்டால் முறை. அரை கிராம் மாவைக் கந்தக அமிலத்தில் போட்டு 420 டிகிரியில் சூடாக்க வேண்டும். முதலில் தார் மாதிரி கறுக்கும். நேரம் போகப் போகத் தெளிந்து, கண்ணாடி போல வெளிர்பச்சையாக நிற்கும். அதில் காரம் சேர்த்து வடித்தால், மாவில் இருந்த நைட்ரஜன் எல்லாம் அம்மோனியாவாகக் கிளம்பிப் போய் போரிக் அமிலக் குடுவையில் இறங்கும். குடுவையின் சிவப்பு பச்சையாக மாறும். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து ஒவ்வொரு சொட்டாக அமிலம் விட்டுக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு சொட்டில் பச்சை மறைந்து இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும். அந்த ஒரு சொட்டைத் தாண்டிவிடக் கூடாது. எத்தனை மில்லி போயிற்று என்பதிலிருந்து நைட்ரஜன் கணக்கு, அதை 6.25-ஆல் பெருக்கினால் புரத விழுக்காடு. 46 என்றால் லாரி உள்ளே போகும். 43 என்றால் கொள்முதல் பிரிவிலிருந்து போன் வரும்.

இந்த எண் லோடுக்கு லோடு மாறும். தோல் நீக்கினார்களா, மண் கலந்ததா, எண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று பல காரணம். யாராவது யூரியா கலந்திருந்தால்கூட ஜெல்டாலில் புரதம் மாதிரியே தெரியும், ஏனென்றால் யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன். அதற்கெல்லாம் தனித்தனிச் சோதனை உண்டு, பிடித்துவிடலாம். ஆனால் எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஒரு வித்தியாசம் மிஞ்சும். அது வருஷத்துக்கு வருஷம் மாறும். அக்டோபர் கடைசியில் புது வரத்து வர ஆரம்பித்ததும், அந்த வருஷத்துக்கென்று ஒரு குணம் வந்து உட்கார்ந்துவிடும். அது எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ரொம்ப நாளாகக் கேள்வி.

கேள்வியைக் கூர்மையாக்கியவர் என் சித்தப்பா. மோகனூர் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். ஒருநாள் மதியம் போன்.

“ஏங்கண்ணு, முட்டை கிராம் இறங்கீருச்சு. தீவனத்துல என்ன மாத்துனீங்க?”

“ஒன்னுமே மாத்தலைங்க சித்தப்பா. புரதம் போன மாசம் இருந்த அதே அளவுதானுங்க இருக்குது.”

“அப்புறம் எப்படிக் கண்ணு இறங்கும்? கோழி பொய் சொல்லுமா?”

கோழி பொய் சொல்லாது என்று எனக்கும் தெரியும். என் பதிவேட்டில் எண்கள் சரியாக இருந்தன. முட்டை எடை குறைய வெயில், நோய், கோழியின் வயது என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். இருந்தாலும் அந்தக் கேள்வி மனசிலேயே தங்கிவிட்டது.

2023 செப்டம்பர் முதல் வாரத்தில் கொள்முதல் மேலாளரோடு இந்தூர் போகிற வாய்ப்பு வந்தது. எண்ணெய் ஆலைகளைப் பார்ப்பதுதான் வேலை. சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போபால், அங்கிருந்து காரில். போகிற வழியில் ஒரு சோயா வயலில் இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். இத்தனை வருஷம் சோயாவோடு பழகியும், அதுவரை ஒரு செடியைக்கூட நேரில் பார்த்ததில்லை.

போபாலைத் தாண்டி சீஹோர், அப்புறம் ஆஷ்டா, அப்புறம் தேவாஸ். மால்வா பீடபூமி. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை முழங்கால் உயரத்தில் சோயா. மண் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மாதிரியே இருந்தது, வெடிப்போடு. செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே மண் வெடிக்கக் கூடாது. அந்த ஆகஸ்டில் இந்தியா முழுக்க மழை 36 விழுக்காடு குறைவு. 1901-இலிருந்து பார்த்தால் அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் வேறு இல்லை. அதை நான் செய்தியில் படித்திருந்தேன். வெடிப்புக்குள் என் சுட்டுவிரல் முழுக்க இறங்கியபோதுதான் உறைத்தது.

வயல்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். எல்லோரும் காகா என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். டிரைவர் இந்திக்கும் எனக்கும் நடுவில் நின்றார். காகா இரண்டு ரகம் போட்டிருந்தார். சாலை ஓரம் ஜேஎஸ் 95-60, மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும் குறுகிய காலப் பயிர். சீக்கிரம் அறுத்தால் அடுத்து பூண்டோ உருளையோ போடலாம். மேட்டுப்பக்கம் ஜேஎஸ் 335, 1994-இல் வெளியான பழைய ரகம், இன்னும் பத்துப் பதினைந்து நாள் கூட நிற்கும். இரண்டும் ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகத்து ரகங்கள். ஜூன் கடைசியில், நல்ல மழை விழுந்ததும் ஒரே வாரத்தில் இரண்டையும் விதைத்தாராம்.

95-60 வயலில் இலை பழுத்துக்கொண்டிருந்தது. காய்க்குள் விதை முக்கால்வாசி நிரம்பி, அதோடு நின்றிருந்தது. 335 வயலில் இலை வாடியிருந்தாலும் பச்சை போகவில்லை, காய் அப்போதுதான் திரளத் தொடங்கியிருந்தது.

காகா 335-இல் ஒரு செடியை அடிமண்ணோடு பிடுங்கி என் கையில் கொடுத்தார். வேரில் மிளகு அளவில் முடிச்சுகள். நகத்தால் ஒன்றைக் கீறிக் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பு, பல் ஈறு நிறம். நம் ரத்தத்துக்குச் சிவப்பு தருகிற பொருளுக்கு உறவான ஒன்றுதான் அந்த நிறத்துக்கும் காரணம். ரைசோபியம் வகைப் பாக்டீரியா அந்த முடிச்சுக்குள் குடியிருந்து காற்றிலிருக்கிற நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துக் கொடுக்கிறது. செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. சோயாவுக்கு வேண்டிய நைட்ரஜனில் பொதுவாகப் பாதிக்கு மேல் இந்த வழியில்தான் வருகிறது. அடுத்து 95-60-இல் ஒரு செடியைப் பிடுங்கிக் கீறினார். முடிச்சு உள்ளே பழுப்புப் பச்சை. வேலை நிறுத்தியாகிவிட்டது.

என் குடுவையில் ஒவ்வொரு நாளும் பச்சையிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறுகிற அந்தச் சொட்டு, இந்த முடிச்சில் கிளம்பிய நைட்ரஜனைத்தான் அளந்துகொண்டிருந்தது. வயலில் நின்று அதை யோசித்தபோது உடம்பு சிலிர்த்தது.

சோயா விதையில் ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் சுமார் 40 விழுக்காடு புரதம், 20 விழுக்காடு எண்ணெய் என்று புத்தகம் சொல்லும். அது சராசரி. புரதமும் எண்ணெயும் ஒரு தராசின் இரண்டு தட்டு மாதிரி, ஒன்று ஏறினால் பெரும்பாலும் மற்றது இறங்கும். எது ஏறும் என்பதை ரகம் பாதி தீர்மானிக்கும். மீதியை விதை நிரம்புகிற அந்த ஒரு மாதத்து வானமும் மண்ணும் தீர்மானிக்கும்.

வறட்சி வந்தால் புரதம் குறையும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எப்போது வறள்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முடிச்சு பிடிக்கிற பருவத்திலோ பூக்கிற பருவத்திலோ வறண்டால், நைட்ரஜன் பிடிக்கிற வேலை முதலில் அடிபடும். சோயாவில் இலையின் வேலை தளர்வதற்கு முன்பே முடிச்சின் வேலை தளர்ந்துவிடும், அவ்வளவு தாகம் தாங்காத உறுப்பு அது. அப்போது விதைக்குப் போக வேண்டிய நைட்ரஜன் குறைந்து புரதமும் குறையலாம். ஆனால் காய் நிரம்புகிற கடைசிக் கட்டத்தில் கடுமையாக வறண்டால் கதை வேறு. செடி தன் இலையில் சேர்த்து வைத்திருந்த நைட்ரஜனை அவசர அவசரமாகக் கழற்றி விதைக்கு அனுப்பிவிடும். இலை பழுப்பது அதனால்தான். எண்ணெய் சேர்வதற்கு இலை தொடர்ந்து வெயிலில் வேலை செய்ய வேண்டும், அதற்குத் தண்ணீர் இல்லை. விதை சிறுத்துப்போகும். சிறுத்த விதைக்குள் புரதத்தின் பங்கு கூடித் தெரியும், எண்ணெய் குறைந்து தெரியும்.

அப்படியானால் என் மேசைக்கு வருகிற உயர்ந்த எண் சில வருஷங்களில் ஒரு விவசாயியின் நஷ்டம். அங்கே நிலத்தைப் பீகா என்ற கணக்கில் அளப்பார்கள். காகாவிடம் பீகாவுக்கு எவ்வளவு வரும் என்று கேட்டேன். 95-60-இல் போன வருஷத்தில் பாதிகூடத் தேறாது என்றார். முகத்தில் பெரிய மாற்றமில்லை, வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆய்வகத்தில் 48 வந்தால் சந்தோஷப்படுகிற ஆள் நான். அந்த வரப்பில் நின்ற பிறகு அந்த எண்ணை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

தண்ணீர் கூடினாலும் கஷ்டம்தான். கரிசலில் மழை தேங்கினால் வேருக்குக் காற்று போகாது. முடிச்சுக்கும் மூச்சு வேண்டும். ஒரு வாரம் தேங்கி நின்றால் பயிர் மஞ்சளாகிவிடும். அதனால்தான் அங்கே மேட்டுப்பாத்தி போட்டு, இடையில் வாய்க்கால் விட்டு விதைக்கச் சொல்கிறார்கள். பாத்தி மழைக்காலத்தில் நீரை வடிக்கும், வறண்டால் கொஞ்சம் ஈரத்தைப் பிடித்தும் வைக்கும்.

சூட்டுக்கும் தனிக் கணக்கு உண்டு. விதை நிரம்பும்போது இதமான வெப்பம் இருந்தால் எண்ணெய் கூடும், 30 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் மறுபடி குறையும். எண்ணெயின் குணமும் மாறும். எண்ணெயில் இருக்கிற கொழுப்பு அமிலங்களில், வெப்பத்தில் ஒலீயிக் அமிலம் கூடும், குளிரில் லினோலெனிக் கூடும். அமெரிக்காவில் வடக்கே டகோட்டா, மினசோட்டா பக்கத்துக் குளிர்ந்த வயல்களின் சோயாவில் தெற்கு மாநிலங்களைவிடப் புரதம் குறைவாக வருவது அந்த ஊர் வியாபாரிகளுக்கு ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம். சோயாவை உடம்புக்கு நல்லது என்று விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் சொல்கிற ஐசோஃப்ளேவோன் இருக்கிறதே, அது சூட்டைத் தாங்கவே தாங்காது. விதை முற்றுகிற நேரத்தில் வெப்பம் ஏறினால் அது வெகுவாகக் குறைகிறது என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 1995-இலேயே காட்டியிருக்கிறார்கள். ஆக, ஒரே ரகத்தைக் குளிர்ந்த மலைப்பகுதியிலும் சூடான சமவெளியிலும் போட்டால் ஒரே மருந்து கிடைக்காது. பாக்கெட்டில் அச்சடித்த ஐசோஃப்ளேவோன் அளவு, அந்தப் பாக்கெட்டில் இருக்கிற சோயா விளைந்த வயலைப் பொறுத்தது.

என்னை இதைவிட அதிகம் உலுக்கியது கந்தகம்.

காகா மாட்டுத்தொழுவத்தை ஒட்டி உர மூட்டைகளை அடுக்கியிருந்தார். எல்லாம் டிஏபி. முன்னால் சூப்பர் பாஸ்பேட் போடுவோம், மூட்டை நிறையத் தூக்க வேண்டும், டிஏபி என்றால் குறைவான மூட்டையில் வேலை முடிந்துவிடும் என்று டிரைவர் வழியாகச் சொன்னார். இது அவர் ஒருவர் செய்தது இல்லை, நாடு முழுக்க நடந்தது. சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்தோடு சுமார் 11 விழுக்காடு கந்தகமும் உண்டு. டிஏபியில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மட்டும்தான். வருஷா வருஷம் மண்ணிலிருந்து கந்தகம் விதையோடு வெளியே போகிறது, திரும்ப வருவதில்லை. மத்தியப் பிரதேசத்து மண்ணில் கந்தகமும் துத்தநாகமும் போரானும் பரவலாகக் குறைந்திருப்பதை இக்ரிசாட் என்ற வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் கிராமம் கிராமமாக மண் எடுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

கந்தகம் குறைந்தால் விதைக்கு என்ன ஆகும்? சோயா விதையின் புரதத்தில் இரண்டு பெரிய கூட்டம். கிளைசினின் ஒன்று, கான்கிளைசினின் இன்னொன்று. புரதம் அமினோ அமிலங்கள் என்ற சின்னச் சின்னத் துண்டுகளால் ஆனது. கிளைசினினில் மெத்தியோனின், சிஸ்டீன் என்ற கந்தகமுள்ள அமினோ அமிலங்கள் அதிகம். கான்கிளைசினினில் பீட்டா என்று ஒரு துணைப்பிரிவு உண்டு, அதில் அவை இல்லை என்றே சொல்லலாம். கந்தகம் கிடைக்காத செடி என்ன செய்கிறது என்றால், இருக்கிற நைட்ரஜனை வைத்து அந்தப் பீட்டா வகையை அதிகமாகக் கட்டுகிறது. வீட்டில் பருப்பு குறைந்தால் குழம்பில் தண்ணீர் ஊற்றுவோமே, அந்த மாதிரி. அளவு அதே அளவு. உள்ளே இருக்கிற சரக்கு வேறு.

ஜெல்டால் நைட்ரஜனை மட்டும்தான் எண்ணும். எந்தப் புரதம் என்று அதற்குத் தெரியாது. 46 என்று நான் கையெழுத்துப் போட்ட இரண்டு லோடில் மெத்தியோனின் ஒரே அளவு இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்த தீவனத்தில் முட்டைக்கோழிக்கு முதலில் பற்றாமல் போகிற அமினோ அமிலம் மெத்தியோனின்தான். அது குறைந்தால் முதலில் தெரிவது முட்டையின் எடையில். செயற்கை மெத்தியோனினை நாங்கள் தீவனத்தில் சேர்க்கிறோம், எல்லா ஆலையும் சேர்க்கிறது. ஆனால் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்ற கணக்கு, சோயாவில் வழக்கமாக இருக்கிற அளவை நம்பிப் போடுகிற கணக்கு.

சித்தப்பாவின் கேள்விக்கு அதுதான் பதில் என்று அடித்துச் சொல்ல முடியாது. அந்த மாதத்து லோடில் மெத்தியோனின் எவ்வளவு என்று பார்க்காமல் விட்டுவிட்டோம். ஆனால் “புரதம் அதே அளவுதானுங்க” என்று நான் சொன்ன பதில் போதாத பதில் என்று அந்தத் தொழுவத்தில் நின்றபோது புரிந்தது. நாமக்கல் முட்டை பள்ளிக்கூடத்துச் சத்துணவுத் தட்டுக்கும் போகிறது. மால்வா மண்ணில் கந்தகம் இருக்கிறதா இல்லையா என்பது அந்தத் தட்டு வரைக்கும் நீளுகிற விஷயம். மீல்மேக்கர் குழம்பு வைக்கிற வீட்டுக்கு இன்னும் நேராகவே நீளும்.

காற்றும் இதில் உண்டு. வரும் காலத்தில் காற்றில் கரியமில வாயு எவ்வளவு இருக்கும் என்று கணித்து, அந்த அளவைத் திறந்த வயலிலேயே குழாய் வைத்து ஊதிப் பயிர் வளர்க்கிற சோதனை அமெரிக்காவில் இல்லினாயில் 2001-இலிருந்து நடக்கிறது. இப்படிப் பல நாட்டு வயல்களின் முடிவுகளைச் சேர்த்து 2014-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, சோயாவில் புரதம் பெரிதாக மாறவில்லை, ஆனால் துத்தநாகமும் இரும்பும் குறைகின்றன என்றது. எங்கள் ரிப்போர்ட்டில் துத்தநாகத்துக்குக் கட்டமே கிடையாது.

ஊர் திரும்பிய பிறகு, செப்டம்பர் நடுவில் மால்வாவில் மழை மறுபடி கொட்டியது. 95-60-க்கு அது பயன்படவில்லை, 335-க்குக் கைகொடுத்தது. அறுவடை முடிந்ததும் காகா இரண்டு ரகத்திலும் ஒவ்வொரு கிலோ பார்சல் அனுப்பினார். தட்டில் கொட்டிப் பார்த்தேன். 95-60 விதைகள் சிறுத்து, தோல் சுருங்கி, சிலது உள்ளே பச்சை மாறாமல் இருந்தன. 335 உருண்டு மஞ்சளாக, விரலுக்கு நடுவில் வழுக்கியது. நூறு நூறு விதை எண்ணி எடை போட்டேன். அப்புறம் அரைத்து ஜெல்டால். சுருங்கிய விதையில்தான் புரதம் அதிகம், மூன்று புள்ளிக்கு மேல் வித்தியாசம். எண்ணெய் நேர்மாறு. ரகம் வேறு என்பதால் முழுக் காரணத்தையும் மழை தலையில் போட முடியாது. ஆனால் ஒரு ஆகஸ்ட் மாதம் என் மேசை மேல் இரண்டு கிண்ணத்தில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

அடுத்த வருஷ விதைப்புக்கு முன்னால் காகாவிடம் ஒரு உதவி கேட்டேன். ஒரே ரகம், ஒரே வயல். பாதிக்கு டிஏபியோடு கந்தகம் உள்ள ஜிப்சமும் போடுங்கள், பாதியை வழக்கம்போல விடுங்கள், இரண்டையும் கலக்காமல் ஒரு படி அனுப்புங்கள். டிரைவர்தான் போனில் எடுத்துச் சொன்னார். ஜிப்சம் விலை குறைவு, மூட்டை கனம் என்று காகா கொஞ்சம் யோசித்தார். அப்புறம் சரி என்றார்.

பார்சல் வந்தது. ஒரு பையில் சிவப்பு நூல், ஒன்றில் வெள்ளை நூல். இரண்டிலும் ஜெல்டால் பார்த்துவிட்டேன், புரதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு குடுவையும் ஏறக்குறைய அதே மில்லியில் இளஞ்சிவப்புக்குத் திரும்பின. அமினோ அமிலம் பார்க்கிற கருவி எங்களிடம் இல்லை, வெளியே அனுப்ப வேண்டும், செலவு அதிகம். மேலாளரிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டேன். நாளைக் காலைக் கூரியரில் இரண்டு டப்பாவும் போகிறது. இன்று சாயங்காலம் சித்தப்பா ஆய்வகத்துக்கு வந்தவர் சிவப்பு நூல் பையிலிருந்து நாலு விதையை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒன்னாத்தானே கண்ணு தெரியுது” என்றார். “ஆமாங்க சித்தப்பா, பார்த்தா அப்படித்தானுங்க தெரியும்” என்று சொல்லிக்கொண்டே டப்பா மேல் சீட்டு ஒட்டினேன்.